நூற்றிருபது முடிச்சு

அந்தத் தையற்காரி மட்டும் காலையில் எழுந்தோமா, காபியைக் குடித்தோமா, ஊர் சுற்றப் போனோமா என்று இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அவள் விடுமுறைக்கு வந்தவள்தான். ஆனால் தொழில்காரர்களின் கண்ணுக்கு ஏது விடுமுறை? நாலாம் எண் அறையில் கட்டில் விரிப்பின் மூலையைத் தூக்கி மூக்குக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். மூலையில் சிவப்பு நூலில் குட்டிக் குட்டி முடிச்சுகள், பத்துப் பத்தாக, வரிசை வரிசையாக இருந்தன.

"இது என்னங்க, எறும்பு ஊர்ற மாதிரி?"

தண்ணீர்க் கூஜாவை வைக்க வந்த விடுதிக்காரிக்கு இந்தக் கேள்வி என்றால் வெல்லம். ஒன்பது வருஷமாக இதற்குப் பதில் சொல்லிச் சொல்லியே அவளுக்கு 'முடிச்சக்கா' என்று பெயர் வந்துவிட்டது. ஆறே அறை உள்ள விடுதி. பிளாஸ்டிக் பாட்டில் கிடையாது. குளித்த தண்ணீர் செடிக்குப் போகும், மிச்ச சோப்பு உருகி மறுபடி சோப்பாகும். ஆனால் இதெல்லாம் இப்போது எல்லோரும் செய்வதுதான். விடுதியைப் பற்றிப் பத்திரிகையில் எழுத வைத்ததும், முடிச்சக்காவை மேடைக்கு மேடை கூப்பிட வைத்ததும் இந்த விரிப்புகள்தான்.

"ஒவ்வொரு தடவை துவைக்கும்போதும் ஒரு முடிச்சு போடுவோம். நூத்திருபது முடிச்சு ஆனா அதுக்கு ஓய்வு. அப்புறம் கால்மிதி ஆகும், அப்புறம் தரை துடைக்கிற துணி. எங்க வீட்டுல எதுவும் சாகறதில்ல, பேருதான் மாறும்" என்றாள், மேடையில் சொல்கிற அதே ஏற்ற இறக்கத்தோடு.

தையற்காரி விரலால் எண்ணினாள். "நூத்திப் பன்னெண்டு. அடேயப்பா! எந்தக் கடை நூலுங்க இது? எனக்கும் ரெண்டு கண்டு வாங்கிக் குடுங்களேன். நூத்திப் பன்னெண்டு துவைப்பு பார்த்தும் சாயம் போகலையே! முதல் முடிச்சும் கடைசி முடிச்சும் ஒரே சிவப்பா இருக்கு பாருங்க."

அவள் சொன்னதில் விஷமம் இல்லை. நல்ல நூலைப் பார்த்த ஆசை, அவ்வளவுதான். முடிச்சக்காவும் சிரித்துக்கொண்டே, "எங்க நாத்தனாரைக் கேட்டுச் சொல்றேன்" என்று வெளியே வந்தாள். மூன்று படி இறங்கினாள். அங்கேயே நின்றுவிட்டாள்.

முதல் வருஷம் அந்த முடிச்சுகளைப் போட்டவள் அவளேதான். இருபது துவைப்பு தாண்டுவதற்குள் முதல் முடிச்சு வெளிறி, குழந்தையின் ஈறு நிறத்துக்கு வந்துவிடும். வரிசையைப் பார்த்தாலே எது மூத்தது எது இளையது என்று தெரியும். அதெல்லாம் எப்படி மறந்துபோனது? மேடை ஏறத் தொடங்கிய பிறகு ஊசி நாத்தனாரின் கைக்குப் போய்விட்டது. எண்ணிக்கை மட்டும் இவளிடம் தங்கிவிட்டது.

மாடித் துணி அலமாரியைத் திறந்து மடித்து வைத்திருந்த விரிப்பு ஒன்றை உதறினாள். தொண்ணூற்று நாலு. மூலையைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். துவைப்புக்கு ஒரு முடிச்சு என்றால் ஒவ்வொன்றுக்கும் நூலைத் தனித்தனியாக வெட்டியிருக்க வேண்டும். இங்கே ஒரே இழை, முதல் வரிசையிலிருந்து எட்டாம் வரிசை வரைக்கும் வெட்டில்லாமல் ஓடியிருந்தது. எண்பது முடிச்சையும் யாரோ உட்கார்ந்து ஒரே மூச்சில் தைத்திருக்கிறார்கள். அடுத்த விரிப்பிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

யாரோ என்ன யாரோ? அந்த வீட்டில் ஊசி பிடிப்பவள் ஒருத்திதான்.

அவளைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. கணவனின் தங்கை. வீட்டுக்குச் சின்னவள், ஊருக்குச் சின்னக்கா. ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் ஏழு வருஷம் வேலை பார்த்தவள். ரத்தக் கறையையும் மருந்துக் கறையையும் முகர்ந்தே பிரித்துச் சொல்வாள். அண்ணன்காரர் வேலைக்கென்று வெளியூர் போய், வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து விருந்தாளி மாதிரி துண்டு கேட்கிற மனிதர். ஆகவே வீட்டை விடுதியாக்கலாம் என்று முடிவு செய்ததும், ஆக்கியதும், நடத்துவதும் இந்த இரண்டு பெண்கள்தான். ஒருத்தி வாசலுக்கு, ஒருத்தி பின்கட்டுக்கு. இந்த ஏற்பாடு யாரும் பேசி வந்ததில்லை. ஒருத்திக்குப் பேச வரும், இன்னொருத்திக்குத் துவைக்க வரும், அதுவே பழகிவிட்டது. சின்னவள் மூச்சுக்கு மூச்சு 'அண்ணி, அண்ணி' என்பாள். முடிச்சக்கா தன் புருஷனைவிட அவளைத்தான் நம்பினாள், அதை நாலு பேரிடம் சொல்லவும் செய்தாள்.

விரிப்பைச் சுருட்டி இடுப்பில் இடுக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். சின்னவள் சிமெண்டுத் தொட்டியின் முன்னால் முழங்கை வரை நுரையோடு நின்றிருந்தாள்.

"இது என்னடி?"

சின்னவள் பார்த்தாள். அவள் அதிரவில்லை. அடுப்பில் வைத்தது எப்போது கொதிக்கும் என்று காத்திருந்தவள் மாதிரி ஒரு பெருமூச்சு விட்டாள். "பின்பக்கம் பார்த்துட்டீங்களா?"

"எத்தனை வருஷமா?"

"ஏழு."

"நாலாம் நம்பர்ல நூத்திப் பன்னெண்டு முடிச்சு இருக்கே, அது?"

"அது ஒரு விரிப்போட வயசு இல்ல அண்ணி. முதல்ல ஒண்ணு அறுபதுல கிழிஞ்சுது. அடுத்தது நாப்பத்தெட்டுலயே போச்சு. ரெண்டையும் கூட்டி நூத்தியெட்டைப் புதுசுல தச்சேன். புதுசு வந்து நாலு துவைப்புதான் ஆச்சு." கையை உதறிவிட்டுப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். "நம்ம தண்ணி உப்பு. வர்றவங்க வெயிலுக்குன்னு உடம்பெல்லாம் களிம்பு பூசிட்டுப் படுக்கறாங்க. துணியை அரிச்சிடுது. அறுபதுக்கு மேல எந்தத் துணியும் தாங்காது. கிழிஞ்சதை நான் வீணாக்கல. கால்மிதி, தலையணை உறை, கரித்துணி, எல்லாம் அதுலதான் தைக்கறேன்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னேனே."

"எப்போ?"

"ரெண்டாம் வருஷம். பசுமை விடுதிப் பட்டியலுக்குன்னு ஒரு குழு பார்க்க வந்தாங்கல்ல? அவங்க இந்த முற்றத்துல நின்னுட்டிருந்தப்போ, அம்பத்தெட்டுல கிழிஞ்ச விரிப்பை எடுத்துட்டு வந்து காட்டினேன். நூத்திருபது வராது அண்ணி, ரூம்ல மாட்டியிருக்கிற அட்டையில மாத்தி எழுதலாம்னு சொன்னேன். நீங்க என் கையைப் பிடிச்சு அவங்ககிட்ட காட்டினீங்க. 'இவ கை முரட்டுக் கை, ஆஸ்பத்திரியில அடிச்சுத் துவைச்ச பழக்கம், நான் சொல்லிக் குடுக்கறேன்'னீங்க. ஆறு பேர் சிரிச்சாங்க."

முடிச்சக்காவுக்கு அது ஞாபகமே இல்லை. எவ்வளவு துழாவிப் பார்த்தும் வரவில்லை. குழு வந்தது ஞாபகம் இருந்தது, தான் கட்டியிருந்த புடவை ஞாபகம் இருந்தது, பட்டியலில் பெயர் வந்ததும் குதித்தது ஞாபகம் இருந்தது. இந்தக் கை மட்டும் எங்கேயும் இல்லை.

அந்த நூற்றிருபதுதான் எங்கிருந்து வந்தது? துணி விற்க வந்தவன் சொன்னது. சாதாரண விற்பனைக்காரன், வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போனான். அதை ஆறு அறைக்கும் அட்டையாக அச்சடித்து மாட்டியவள் இவள். மாட்டிய பிறகு அது வேதவாக்கு ஆகிவிட்டது.

இதெல்லாம் அவளுக்குப் பிறகு நிதானமாகத் தோன்றியது. அந்த நிமிஷம் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"ஒரு தடவை நான் ஏதோ சொல்லிட்டேன்னு ஏழு வருஷம் என் காதுல பூ சுத்துவியா? நான் ஒவ்வொரு மேடையிலயும் இதை விரிச்சுக் காட்டும்போது பக்கத்துலயேதானே நின்னே? நின்னியா இல்லியா?"

"நின்னேன்."

"வெளியாள் செஞ்சிருந்தா விட்டுத் தள்ளியிருப்பேன்டி. நீ செஞ்சிருக்கே." விரிப்பைத் தரையில் வீசினாள். "சரி, நான் ஏமாந்தேன், போகட்டும். நம்ம வகுப்புக்கு வர்ற அந்தப் பதினாலு பேர்? அந்த ஏரிக்கரைக்காரி ரெண்டு பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு நாலு ரூம் எடுத்து நடத்தறாளே, யார் பேச்சைக் கேட்டு? கட்டிலுக்கு மூணு விரிப்பு போதும், மூணு வருஷத்துக்கு அந்தப் பக்கமே திரும்ப வேண்டாம்னு அவ தலையில அடிச்சுச் சொன்னேனே! இந்நேரம் அவளோட விரிப்பெல்லாம் கந்தலாயிருக்குமே!"

"அண்ணி, அவங்களுக்கு வந்து..."

"நீ பேசாதே. ஒரு வார்த்தை பேசாதே. நாளைக்கு வகுப்புக்கும் நீ வர வேண்டாம்."

சின்னவள் தொட்டியில் ஊறிக்கொண்டிருந்ததை எடுத்து அலச ஆரம்பித்தாள். அந்த அலசலில் முரட்டுத்தனம் ஒன்றும் இல்லை என்பதை முடிச்சக்கா அப்போதுதான் பார்த்தாள். பார்த்ததும் இன்னும் எரிச்சலாக வந்தது.

அந்தப் பிற்பகல் முழுவதும் ஆறு அறைகளிலும் அட்டைகளைக் கழற்றினாள். தையற்காரியிடம் நூல் கடை மூடிவிட்டது என்று பொய் சொன்னாள். சொன்னபோது நாக்கு கூசியது. ஆனால் மனசு வேறொன்றில் மாட்டிக்கொண்டிருந்தது. பொய் சொல்ல ஒரு நொடி போதும், கோபத்தில் வரும், பயத்தில் வரும், மன்னித்துவிடலாம். சின்னவளோ மதியம் சாப்பிட்ட கையோடு, வெளிச்சம் விழுகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்து, ஊசியில் நூல் கோத்து, வாய்விட்டு எண்ணி, நூற்றெட்டு தடவை குத்தியிருக்கிறாள். நடுவில் அண்ணி அந்தப் பக்கம் போனால் நிமிர்ந்து, "டீ போடவா அண்ணி?" என்றும் கேட்டிருப்பாள். நிச்சயம் கேட்டிருப்பாள். இவளும் போடச் சொல்லி வாங்கிக் குடித்திருப்பாள்.



மறுநாள் காலை பஸ்ஸில் தனியாகத்தான் போனாள். மூன்று வருஷமாக மாதம் ஒரு வகுப்பு. வீட்டின் ஒரு பகுதியை விடுதியாக்கிப் பிழைக்கிற பெண்களின் சங்கம், அதற்கென்று ஒரு பழைய கட்டிடம். மாடிக் கூடத்தில் முடிச்சக்கா பேசுவாள், இடைவேளைக்குப் பிறகு கீழே பின்பக்கத் தொட்டியில் சின்னவள் துவைத்துக் காட்டுவாள். முடிச்சக்கா கீழே போனதே இல்லை. அந்த நேரத்தில் மேலே சங்கத் தலைவியோடு அடுத்த கூட்டத்தைப் பற்றிப் பேச இருக்கும்.

பஸ் வளைவுக்கு வளைவு திரும்பியது. ஒவ்வொரு வளைவிலும் ஒரு முகம் வந்து நின்றது. ஏரிக்கரைக்காரி கிழிசல் விரிப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், வந்தவர்கள் முகத்தைச் சுளித்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், பிள்ளைகள் கதவோரம் பார்க்கின்றன. பாழாய்ப்போன கற்பனை, பிள்ளைகள் போட்டிருந்த சட்டையைக்கூடக் காட்டியது. ஊரில் நாலு பேர் 'முடிச்சக்கா சொன்னதைக் கேட்டுக் கெட்டவள்' என்று அவளைச் சொல்வார்கள். இதற்குப் பிறகு யார் முகத்தில் விழிப்பது? உடல்நிலை சரியில்லை என்று திரும்பிவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு, செய்தது நாத்தனார் என்றாலும் சொன்ன வாய் தன்னுடையது, அதே வாயால்தான் இதையும் சொல்ல வேண்டும் என்று இறங்கி நடந்தாள்.

கூடத்தில் பதினாலு பேரும் இருந்தார்கள். வழக்கமாக முதலில் விரிப்பை உதறி மேசையில் விரிப்பாள். இன்று பையைத் திறக்கவே இல்லை. நின்றபடியே சொன்னாள். நூற்றிருபது பொய். முடிச்சு பொய். அறுபதுக்கு மேல் தாங்காது. தனக்கும் நேற்றுத்தான் தெரியும். வீட்டுக்குள்ளேயே தன்னை ஏமாற்றிவிட்டார்கள். தான் சொன்னதை நம்பி யாருக்காவது தொழில் கெட்டிருந்தால் அதற்குத் தானே பொறுப்பு, தன் விடுதியிலிருந்து விரிப்பு எடுத்துக் கொடுப்பாள், வந்து துவைத்துத் தருவாள், என்ன சொன்னாலும் செய்வாள். கடைசி வார்த்தைக்கு வரும்போது குரல் உடைந்துவிட்டது.

யாரும் கத்தவில்லை. யாரும் எழுந்து போகவில்லை. ஒருத்தி ஜன்னலைப் பார்த்தாள். இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுச் சட்டென்று குனிந்துகொண்டார்கள். திட்டப் போகிறவர்களின் முகம் அப்படி இருக்காது. முடிச்சக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"என்னம்மா, ஏதாவது சொல்லுங்க. திட்டவாவது செய்யுங்க."

ஏரிக்கரைக்காரிதான் எழுந்தாள். முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே, "அக்கா, நீங்க இவ்வளவு மனசு ஒடைஞ்சு போக ஒண்ணும் இல்லக்கா. எங்களுக்கு ஒண்ணும் ஆகல" என்றாள்.

"ஆகலன்னா? உன் விரிப்பெல்லாம்?"

"நான் கட்டிலுக்கு அஞ்சு வாங்கினேன்க்கா. சின்னக்கா முதல் நாளே தொட்டிக்கிட்ட வெச்சு சொல்லிட்டாங்களே. அறுபதுதான் வரும், அதுக்குத் தகுந்தாப்பல வாங்குன்னு."

"என்கிட்ட அம்பதுன்னு சொன்னாங்க" என்றாள் பக்கத்திலிருந்தவள். "எங்க தண்ணியைக் கொண்டு வரச்சொல்லி நாக்குல வெச்சுப் பார்த்தாங்க. உங்க தண்ணி எங்க தண்ணியைவிட மோசம், அம்பதுன்னு வெச்சுக்கன்னாங்க."

"எல்லாருக்குமா சொன்னா?"

பதினாலு தலையும் ஆடியது. பின்வரிசையில் ஒரு குண்டுப் பெண், பயம் போன உற்சாகத்தில் வாயை விட்டாள். "நாங்க அதுக்குப் பேரே வெச்சிருக்கோம்க்கா. நீங்க சொல்றது மேடைக் கணக்கு, சின்னக்கா சொல்றது தொட்டிக் கணக்கு. இப்போ எல்லாத்துக்கும் அதையேதான் சொல்றோம். எத்தனை ரூம் நிரம்பிச்சுன்னு கேட்டா, மேடைக் கணக்கா தொட்டிக் கணக்கான்னு..."

பக்கத்தில் இருந்தவள் அவள் விலாவில் ஒரு இடி இடித்தாள். இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

நியாயமாகப் பார்த்தால் அப்போது முடிச்சக்காவுக்கு உயிர் திரும்ப வந்திருக்க வேண்டும். பஸ் முழுக்கச் சுமந்து வந்த பாவம் இல்லையென்று ஆகிவிட்டது. ஒரு பிள்ளையும் கதவோரம் நிற்கவில்லை, ஒருத்தியும் கெடவில்லை. ஆனால் அவளுக்கு வந்தது நிம்மதி இல்லை. இவர்களில் ஒருத்தியாவது, ஒரே ஒருத்தியாவது, தன்னை நம்பி நஷ்டப்பட்டிருக்கக் கூடாதா என்று நெஞ்சு கேட்டது. அப்படிக் கேட்ட நெஞ்சைப் பார்த்து அவளே கூசிப்போனாள். ஆனாலும் கேட்டது கேட்டதுதான். இத்தனை வருஷத்தில் ஏமாந்தவள் அவள் ஒருத்தி மட்டும்தான், துணைக்கு ஒரு ஆள்கூட இல்லை. ஊருக்கெல்லாம் உண்மையைச் சொன்ன சின்னவள், முடிச்சை மட்டும் இவளுக்கென்று தனியாகத் தைத்து வைத்திருக்கிறாள்.

"மூணு வருஷமா மாசாமாசம் இங்க வர்றேன்" என்றாள் மெதுவாக. "யாருமே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேம்மா. ஏன்?"

ஏரிக்கரைக்காரி மறுபடியும் முந்தானையைச் சுற்றினாள். அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

"சொன்னா நீங்க எங்க கை சரியில்லைன்னு சொல்லிடுவீங்களோன்னுதான்க்கா."

முடிச்சக்கா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தாள். எல்லோரும் நல்ல பெண்கள். விசிறினார்கள், தோளைத் தொட்டார்கள், விடுங்கக்கா என்றார்கள். பிறகு எல்லோரும் அவரவர் இடத்தில் போய் உட்கார்ந்தார்கள். பதினாலு பேரும் அவளைத் தாண்டி வாசற்படியை எட்டிப் பார்த்தபடி இருந்தார்கள்.

"அக்கா" என்றாள் ஏரிக்கரைக்காரி தயங்கிக்கொண்டே. "சின்னக்கா பின்னாடி பஸ்ல வர்றாங்களா?"

"இல்ல. நான்தான் வர வேண்டாம்னு சொல்லிட்டேன்."

பின்வரிசையில் ஒருத்தி சத்தமில்லாமல் தன் நோட்டைப் பைக்குள் வைத்தாள். பிறகு இன்னொருத்தியும் வைத்தாள்.